ஹார்டு டிஸ்க் எங்கே போனது, அக்கா?

இந்த மாதத் தபாலில் பிரிண்டர் புலம்பல்கள் வழக்கம்போல் நிறைய இருக்கின்றன. அவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கிறேன். ஏனென்றால், ஒருவரை ஒருவர் அறியாத சிலர் ஏறக்குறைய ஒரே புகாரை எழுதியிருக்கிறார்கள். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸை நிறுவ உட்கார்ந்தேன், பென் டிரைவிலிருந்து எல்லாம் நன்றாக எழுந்து வந்தது, எந்த டிஸ்கில் நிறுவட்டும் என்று கேட்கும் பக்கம் மட்டும் காலியாக நிற்கிறது என்கிறார்கள். கட்டளைகளை, என் கணினி பழுதுபார்க்கும் கடைக்குத் தொலைபேசியில் அழைப்பவர்களுக்குச் சொல்வதுபோல எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கெழுதுகிறேன். 2021-இல் வாங்கிய லேப்டாப். இன்டெல் 11-ஆம் தலைமுறை, 512 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் மின்ட் போடலாம் என்று, மருமகன் எப்போதோ கொடுத்த மின்ட் 20 பென் டிரைவைச் செருகினேன். எல்லாம் வந்தது. நிறுவும் பக்கத்தில் அந்தப் பென் டிரைவைத் தவிர வேறெதுவும் இல்லை. செக்யூர் பூட்டை அணைத்துப் பார்த்தேன், பயனில்லை. சேலத்துக்கு இறங்கி ஒரு கடையில் காட்டியதில் எஸ்எஸ்டி போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார்கள். விண்டோஸ் மட்டும் எப்போதும்போல் திறக்கிறது. போடட்டுமா?

பதில்: போடாதீர்கள், ஐயா. உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்தைய வரியிலேயே பதில் இருக்கிறது. விண்டோஸ் எப்போதும்போல் திறக்கிறது என்கிறீர்கள். அந்த விண்டோஸ் குடியிருப்பது அதே எஸ்எஸ்டியில்தானே? செத்த டிஸ்கிலிருந்து விண்டோஸ் எழுந்து வராது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் போய்க் கேட்டு வந்த தீர்ப்பு அந்த ஒரு வரியில் விழுந்துவிடுகிறது.

நடந்தது இதுதான். 11-ஆம் தலைமுறையிலிருந்து பல இன்டெல் லேப்டாப்களில் விஎம்டி என்ற ஓர் அமைப்பை இயக்கியே விற்கிறார்கள். விரித்துச் சொன்னால் வால்யூம் மேனேஜ்மென்ட் டிவைஸ். உங்கள் எஸ்எஸ்டி அதன் பின்னால் நிற்கிறது. தோட்டத்துக் கேட்டில் காவலாளி நிற்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைத் தெரிந்தவருக்குத்தான் உள்ளே பங்களா இருப்பதே தெரியும். விண்டோஸுக்குத் தேவையான இன்டெல் டிரைவரை, அதாவது அந்தச் சாதனத்தோடு பேசும் மென்பொருளை, லேப்டாப் நிறுவனமே போட்டு அனுப்பிவிடுகிறது. உங்கள் பென் டிரைவோ மின்ட் 20. அது வெளிவந்தது 2020 ஜூனில். அதற்குள் இருக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் 5.4 இன்னும் பழையது, 2019 நவம்பரைச் சேர்ந்தது. இன்டெல் 11-ஆம் தலைமுறை லேப்டாப் சிப்களை அறிமுகப்படுத்தியது 2020 செப்டம்பரில். பிறக்காத காவலாளியை அந்தக் கர்னலுக்கு எப்படித் தெரியும்?

சந்தேகம் இருந்தால் ஒரு நிமிடத்தில் உறுதி செய்யலாம். பென் டிரைவிலிருந்து வந்த மின்டில், கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்று ஐந்து எழுத்தைத் தட்டுங்கள். கணினிக்குள் இருக்கும் சாதனங்கள் வரிசையாக வரும். அதில் ரெயிட் பஸ் கன்ட்ரோலர் என்று தொடங்கும் வரியில் வால்யூம் மேனேஜ்மென்ட் டிவைஸ் என்றோ, பெயர் தெரியாமல் இன்டெல் டிவைஸ் என்று மட்டுமோ நின்றால் நான் சொன்னதுதான் காரணம்.

இரண்டு வழிகள் உள்ளன. எனக்குப் பிடித்தது முதல் வழி. கணினி எழுந்ததும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸைத் தொடவே வேண்டாம். புதிய பென் டிரைவ் தயார் செய்யுங்கள். மின்ட் 22, 2024 ஜூலையில் வந்தது, கர்னல் 6.8. அதற்கு விஎம்டியை நன்றாகத் தெரியும். பதிவிறக்கம் ஏறத்தாழ 3 ஜிபி. மலையில் உங்கள் இணையம் எப்படியோ, சந்தைக்கு இறங்கும் நாளில் கீழேயே பதிவிறக்கிக்கொண்டு போங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு என் கடையில் வேலை இதோடு முடிந்துவிடுகிறது. விண்டோஸுக்கு எதுவும் நடந்ததே தெரியாது.

அப்படியும் டிஸ்க் தெரியாவிட்டால்தான் இரண்டாவது வழி. பயாஸில் போய் விஎம்டியை அணைப்பது. இன்னொரு லினக்ஸான உபுண்டுவின் சில பதிப்புகள், விஎம்டியோடு சேர்ந்து வரும் இன்டெல் ஆர்எஸ்டியை அணைத்துவிட்டு வா என்று ஒரு தனிப் பக்கமே காட்டும்; அதுவும் இதைத்தான் சொல்கிறது. சொல்வது சரி, ஆனால் முதலில் செய்ய வேண்டிய இரண்டு காரியங்களை அது உரக்கச் சொல்வதில்லை.

முதல் காரியம் பிட்லாக்கர் சாவி. விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் உங்களைக் கேட்காமலே டிஸ்கைப் பூட்டி வைத்திருக்கும். பயாஸில் டிஸ்க் தொடர்பான எதையாவது மாற்றினால், மறுமுறை திறக்கும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் இருக்கும். முன்னதாகவே எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பில் ஒரு கோப்பாகச் சேமித்து வைத்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் இரண்டு பேர். பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியவர்கள்.

இரண்டாவது காரியம் சேஃப் மோடு. விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட் என்ற கட்டத்தில் குறியிட்டு மறுதொடக்கம் கொடுங்கள். உடனே பயாஸுக்குள் நுழைந்து விஎம்டியை அணைத்துச் சேமியுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழும்போது தன்னிடம் உள்ள பொதுவான டிரைவரைத் தேடி எடுத்துக்கொள்ளும். பிறகு அதே கட்டத்தின் குறியை எடுத்துவிட்டு இன்னொரு மறுதொடக்கம். சில லேப்டாப்களில் சேஃப் மோடில் நான்கு இலக்கப் பின் எண் வேலை செய்யாது, முழுக் கடவுச்சொல் தேவைப்படும். அது நினைவில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடை மறந்துவிட்டு நேராக அணைத்தால் நீலத்திரை வரும், தொடங்க வேண்டிய டிஸ்கை அணுக முடியவில்லை என்று அறிவிக்கும். பதற வேண்டாம். பயாஸில் பழையபடி மாற்றினால் விண்டோஸ் திரும்பி வந்துவிடும். அந்த நேரத்தில் பயந்து விண்டோஸை முழுதாக மறுபடி போட்டவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பயாஸில் அப்படியொரு வரியே இல்லையே என்பீர்கள். சில தயாரிப்புகளில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் கன்ட்ரோலையும் எஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால்தான் வெளியே வரும். சிலவற்றில் கிடையவே கிடையாது. அவர்களுக்கு முதல் வழி மட்டுமே.

செக்யூர் பூட்டை மறுபடி இயக்கிவிடுங்கள். எது தொடங்கலாம், எது தொடங்கக் கூடாது என்று பார்ப்பது அதன் வேலை. பென் டிரைவ்தான் தொடங்கிவிட்டதே. டிஸ்க் தெரியாததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் எல்லோரும் முதலில் அதைத்தான் அணைக்கிறார்கள்.

டிஸ்க் தெரிந்த மகிழ்ச்சியில் டிஸ்கை அழித்து நிறுவு என்ற வரியை அழுத்திவிடாதீர்கள். விண்டோஸுக்குள்ளேயே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்து, டிஸ்க் மேனேஜ்மென்டில் பெரிய பகுதியைச் சுருக்கி, 60 ஜிபியாவது காலியாக விட்டுவிட்டு வாருங்கள். பிட்லாக்கர் பூட்டிய பகுதியை லினக்ஸ் இன்ஸ்டாலரால் சுருக்க முடியாது.

டிஸ்க் போய்விட்டது என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் சூடேறும், காரணம் உண்டு. 2003-இல் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 40 ஜிபி டிஸ்கில் மூன்று வருட வேலை. இடம் போதவில்லை என்று இன்னொரு பழைய டிஸ்கை அதே பட்டைக் கேபிளில் நானே மாட்டினேன். இரண்டுமே தெரியாமல் போயின. பார்க்க வந்தவர் பழசு செத்துவிட்டது, அது புதியதையும் கெடுத்துவிட்டது என்று சொல்லி, இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு புதிய டிஸ்கைக் கொடுத்துப் போனார். நானும் நன்றி சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினேன். சில வாரம் கழித்து, தெரிந்தவர் வீட்டுக் கணினியைத் திறந்தால் உள்ளே என் டிஸ்க். நான் ஒட்டிய மஞ்சள் காகிதம்கூடக் கிழியாமல், ஓடிக்கொண்டிருக்கிறது. என் பத்திரிகைகள் எல்லாம் அழிந்து, அவர்கள் வீட்டுப் படங்கள் இருக்கின்றன. அந்தக் காலத்து ஐடிஇ டிஸ்க்கின் பின்னால் ஜம்பர் என்று அரிசி அளவு ஒரு துண்டு இருக்கும். ஒரே கேபிளில் இரண்டையும் மாஸ்டர் என்று வைத்தால் சண்டை போட்டுக்கொண்டு இரண்டும் காணாமல் போகும். ஒன்றின் துண்டைப் பிடுங்கி ஒரு பக்கம் தள்ளி மாட்டியிருந்தால் போதும். அதைக் கற்றுக்கொண்ட கோபத்தில்தான் கடை வைத்தேன்.

கேள்வி: அம்மாப்பேட்டையில் தறிப்பட்டறை வைத்திருக்கிறோம். கணக்குக்கு 2012 வாக்கில் சேர்த்துக் கட்டிய மேசைக் கணினி, 500 ஜிபி டிஸ்க், விண்டோஸ் 7. மகள் சொல்லி லினக்ஸுக்கு மாறப் பார்க்கிறோம். காலையில் டிஸ்க் தெரிகிறது. பாதி நிறுவும்போது பிழை வந்து நிற்கிறது. மறுபடி தொடங்கினால் டிஸ்கே இல்லை. மின்சாரம் போய் வந்தால் கடிகாரம் வேறு எந்தக் காலத்துக்கோ போய்விடுகிறது. டிஸ்கை மாற்ற வேண்டுமா?

பதில்: ஒரு கேள்விக்குள் இரண்டு நோய்களை வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். கடிகார நோய் சின்னது. தாய்ப்பலகையில் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறிய, வட்டமான ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032, 3 வோல்ட். அது தீர்ந்தால் மின்சாரம் போகும்போதெல்லாம் பயாஸ் தேதியையும் அமைப்புகளையும் மறந்து, தொழிற்சாலையில் போட்டபடி திரும்பிவிடும். டிஸ்கோடு கணினி பேசும் சாட்டா முறை நேற்று ஏஎச்சிஐ, இன்று ஐடிஇ என்று மாறிக்கொண்டிருக்கும். லினக்ஸ் இரண்டையும் சமாளித்துக்கொள்ளும், விண்டோஸ் 7 நீலத்திரை காட்டும். முதலில் அந்த பேட்டரியை மாற்றி, சாட்டா முறையை ஏஎச்சிஐ என்று வைத்துச் சேமியுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு கணினியைப் பழுது பார்ப்பதுபோல் இருக்கும். பழைய விண்டோஸிலிருந்து கணக்குக் கோப்புகளை எடுக்க வேண்டியிருந்தால், எந்த முறையில் அது திறக்கிறதோ அதில் வைத்து முதலில் எடுத்துவிடுங்கள்.

தெரிந்து தெரிந்து மறையும் நோய்க்குக் கேபிளைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். டிஸ்கை இல்லை. தறிப்பட்டறைக் கணினிகள் எனக்குப் பழக்கம். பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளே பஞ்சுத் தூசு சாம்பல் நிற ஜமக்காளம் விரித்ததுபோல் படிந்திருக்கும். விரலால் ஒரு முனையைத் தூக்கினால் ஒரே துண்டாக உரிந்து வரும். சாயநூல் ஓடும் பட்டறையாக இருந்தால் எந்த மாதம் என்ன நிறம் ஓடியது என்றுகூட அந்த அடுக்கில் படிக்கலாம். போன வருடம் வந்த ஒரு பெட்டியில் மயில் பச்சை, அதன்மேல் அரக்கு. டிஸ்கின் பின்புறம் பாருங்கள். இரண்டு செருகுவாய்கள் இருக்கும். அகலமானது மின்சாரத்துக்கு, 15 பின். குறுகலானது தரவுக்கு, 7 பின். குறுகிய கேபிளின் முனையில் உலோகக் கவ்வி இருக்கிறதா? பழைய கேபிள்கள் பலவற்றில் கிடையாது. வெறும் இறுக்கத்தில் நிற்கும். பக்கத்து அறையில் தறி அடிக்கும் அடி தரை வழியாக வந்து, வருடக்கணக்கில் அதை மயிரிழை மயிரிழையாக நகர்த்தியிருக்கும். அந்த இடைவெளியில் பஞ்சு போய் உட்கார்ந்துகொள்ளும்.

மின்இணைப்பை முழுதாகப் பிடுங்கிவிட்டு, காய்ந்த மெல்லிய பெயின்ட் பிரஷால் இரண்டு வாய்களையும் துடைத்து, கவ்வி உள்ள புதிய சாட்டா கேபிளை டக்கென்று சத்தம் கேட்கும்வரை செருகுங்கள். தாய்ப்பலகைப் பக்கம் பழைய வாயை விட்டுவிட்டு அடுத்த வாயில் மாட்டுங்கள். நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிகிற வேலை.

உண்மையில் கேபிள்தானா என்று எப்படி அறிவது? இதைக் கேட்பவர்கள் குறைவு என்பதால் நானாகவே சொல்கிறேன். டிஸ்க் தெரியும் நேரமாகப் பார்த்து, லினக்ஸில் டிஸ்க்ஸ் என்ற பெயரிலேயே இருக்கும் செயலியைத் திறந்து, அதன் மெனுவில் ஸ்மார்ட் விவரங்களைப் பாருங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் நாட்குறிப்பு அது. எண் 5, மாற்றிவைத்த செக்டார்கள், அதாவது தரவு எழுதும் சிறு கட்டங்கள். எண் 197, மாற்றக் காத்திருக்கும் செக்டார்கள். இவை இரண்டும் 0 என்றால் தட்டின் பரப்பு நன்றாக இருக்கிறது. எண் 199, வழியில் சிதைந்துபோன தரவின் கணக்கு. 5-உம் 197-உம் 0-ஆக இருந்து 199 மட்டும் நூற்றுக்கணக்கில் நின்றால் குற்றவாளி கேபிள்தான். அந்த 199 ஒருபோதும் குறையாது. அதனால் இன்றைய எண்ணை எழுதிவைத்துக் கேபிளை மாற்றுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகும் அதே எண்ணில் நின்றால் சரியாகிவிட்டது என்று பொருள்.

டி, எம், இ, எஸ், ஜி என்ற கட்டளையும் உதவும். அதில் ஹார்டு ரீசெட்டிங் லிங்க் என்ற வரி திரும்பத் திரும்ப வந்து, பிறகு வேகத்தை 3 ஜிகாபிட்டிலிருந்து 1.5-க்குக் குறைக்கிறேன் என்று கர்னலே இறங்கி வந்தால் அதுவும் இதே கதைதான். குண்டும் குழியுமான சாலையில் வண்டியைக் கியர் இறக்கி ஓட்டுவது போன்றது.

கணினியைத் தறி நிற்கும் தளத்திலிருந்து எடுத்து வேறு அறைக்கு மாற்றுங்கள். சுழலும் டிஸ்கிற்கு அந்த அதிர்வு கேபிள் இல்லாவிட்டாலும் நல்லதல்ல.

கேள்வி: ஐந்து ரோடு அருகே விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கிறேன். ஓர் அலுவலகத்தில் கழித்த கணினியிலிருந்து 1 டிபி டிஸ்க் மலிவாகக் கிடைத்தது. பயாஸில் தெரிகிறது. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையிலும் தெரிகிறது. இன்ஸ்டாலரில் மட்டும் இல்லை. நண்பனின் விண்டோஸில் மாட்டி மூன்று முறை ஃபார்மட் செய்துவிட்டேன். அப்படியும் அதே கதை.

பதில்: தம்பி, முப்பது முறை ஃபார்மட் செய்தாலும் அதே கதைதான். ஆனால் கேள்வி கேட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எங்கே வரை தெரிகிறது, எங்கே மறைகிறது என்று நீங்களே கோடு கிழித்துவிட்டீர்கள். பயாஸ் பார்க்கிறது, ஆகவே கேபிள் சரி. கர்னல் பார்க்கிறது, ஆகவே டிரைவர் சரி. மறைப்பது இன்ஸ்டாலர், அதுவும் வேண்டுமென்றே.

அந்த அலுவலகத்தில் இரண்டு டிஸ்க்குகளை ரெயிட் முறையில் ஜோடி கட்டி வைத்திருப்பார்கள். அப்படிக் கட்டும்போது, நான் இன்ன ஜோடியில் ஒருவன் என்று டிஸ்கில் ஒரு முத்திரை எழுதப்படும். இன்டெல் ரெயிட் அந்த முத்திரையை டிஸ்கின் கடைக்கோடியில் எழுதுகிறது. விரைவு ஃபார்மட் அந்தக் கடைசி மூலைக்குப் போவதே இல்லை. இன்ஸ்டாலர் முத்திரையைப் பார்க்கிறது, இது யாரோ ஒருவருடைய ஜோடியில் பாதி, தொட்டால் தரவு கெடும் என்று ஒதுங்கிக்கொள்கிறது. விவாகரத்தானது அதற்குத் தெரியாது.

டெர்மினலில் சூடோ என்று தட்டி, இடைவெளி விட்டு டபிள்யூ, ஐ, பி, இ, எஃப், எஸ் என்று தட்டி, அதன் பின் டிஸ்கின் பெயரைக் கொடுங்கள். இந்த வடிவில் அது எதையும் அழிக்காது, என்னென்ன முத்திரைகள் இருக்கின்றன என்று பட்டியல் மட்டும் தரும். ஐஎஸ்டபிள்யூ ரெயிட் மெம்பர் என்று ஒரு வரி நின்றால் அதுதான் ஆள். அதே கட்டளையில் டிஸ்க் பெயருக்கு முன் ஒரு சிறுகோடும் ஏ எழுத்தும் சேர்த்தால் எல்லா முத்திரைகளையும் துடைத்துவிடும். சாதனம் பிஸி என்று மறுத்தால், லினக்ஸே அந்த அரைகுறை ஜோடியைக் கட்டி எம்டி126 அல்லது எம்டி127 என்று பெயரிட்டு வைத்திருக்கிறது. எம்டிஏடிஎம் கட்டளையில் ஸ்டாப் கொடுத்து முதலில் அதை அவிழ்த்துவிடுங்கள்.

துடைக்கும் அந்த ஏ எழுத்தைத் தட்டுவதற்கு முன், வேறு டிஸ்க்குகள் மாட்டியிருந்தால் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்களான எஸ்டிஏவுக்கும் எஸ்டிபிக்கும் நடுவே ஓர் எழுத்துதான் வித்தியாசம், இரவு இரண்டு மணிக்கு விடுதியில் அந்த வித்தியாசம் இன்னும் குறைந்துவிடும்.

கேள்வி: ஃபேர்லேண்ட்ஸில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். புத்தகத்தில் எஸ்டிஏ என்ற டிஸ்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறது. என் கணினியில் அப்படி எதுவும் இல்லை. என்விஎம்இ என்று தொடங்கி எண்களோடு ஏதோ இருக்கிறது. அதுவும் 500 ஜிபி டிஸ்க் 465 என்றே காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை, டீச்சர், இரண்டிலும் யாரும் ஏமாற்றவில்லை. சாட்டா டிஸ்க்குகளுக்கும் யுஎஸ்பியில் செருகுபவற்றுக்கும் லினக்ஸ் எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயரிடும். உங்களுடையது என்விஎம்இ வகை எஸ்எஸ்டி. அதற்குப் பெயர் என்விஎம்இ0என்1. விலை குறைந்த சிறு லேப்டாப்களில் இஎம்எம்சி என்ற சேமிப்பு இருந்தால் எம்எம்சிபிஎல்கே0 என்று வரும். உங்கள் கணினியில் எஸ்டிஏ என்று ஏதாவது தெரிந்தால் அது பெரும்பாலும் நீங்கள் செருகிய பென் டிரைவ்தான், எச்சரிக்கை. 465 கணக்கை நீங்களே போட்டுவிடுவீர்கள். விற்பவர் 500-ஐ ஆயிரத்தின் மடங்காக எண்ணுகிறார், கணினி 1,024-இன் மடங்காக எண்ணுகிறது. 500 கோடியை நூறால் பெருக்கி, 1,07,37,41,824-ஆல் வகுத்துப் பாருங்கள்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. டிசைன் படங்கள் முழுவதும் ஒரே டிஸ்கில். விண்டோஸ் திறக்கவில்லை என்று லினக்ஸ் பென் டிரைவ் போட்டோம், இன்ஸ்டாலரில் டிஸ்க் தெரியவில்லை. பயாஸிலும் தெரியவில்லை. கணினியை இயக்கினால் டக், டக் என்று சத்தம் வருகிறது. ஃபிரீசரில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் சரியாகும் என்கிறார் நண்பர்.

பதில்: இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது கணினி ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அணைத்துவிட்டு வாருங்கள்.

மேலே எல்லோருக்கும் டிஸ்க் சாகவில்லை என்று சொன்னேன். உங்களுடையது சாகக் கிடக்கிறது. பயாஸிலேயே தெரியாத டிஸ்கிற்கு லினக்ஸ் பதிப்பை மாற்றிப் பயனில்லை. அந்த டக் டக், படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்ப் போய்த் திரும்பும் சத்தம். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் முனை தட்டின் மேல் கீறக்கூடும். கீறிய இடத்தில் இருந்த படம் எந்த ஊர் நிபுணராலும் திரும்பாது. மின்கேபிள் தளர்ந்திருந்தாலும் அரிதாக இப்படிச் சத்தம் வரும். ஆகவே வேறொரு மின்முனையை மாற்றி மாட்டி, ஒரே ஒரு முறை இயக்கிப் பாருங்கள். அதே சத்தம் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஃபிரீசர் வேண்டவே வேண்டாம். குளிர்ந்த டிஸ்கை வெளியே எடுத்ததும் ஐஸ்கட்டித் தம்ளரின் மேல் முத்து முத்தாக நிற்குமே, அந்தத் தண்ணீர் டிஸ்கின் மீதும், காற்றுத் துளை வழியாக உள்ளேயும் படியும். வெள்ளியை உருக்கும் நீங்கள், ஈரம் ஏறிய அச்சில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவீர்களா?

ஒருவேளை மின்முனை மாற்றியதில் சத்தம் நின்று டிஸ்க் தெரிந்துவிட்டால், அதில் எதையும் நிறுவாதீர்கள். திறந்து படங்களைப் பார்க்கவும் வேண்டாம். அதைவிடப் பெரிய இன்னொரு டிஸ்கை மாட்டி, லினக்ஸ் பென் டிரைவிலிருந்து டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு டிஸ்கையும் முதலில் நகலெடுங்கள். நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும் கருவி அது. இடையில் நின்றாலும் குறிப்புக் கோப்பைக் கொடுத்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பிறகு படங்களைத் தேடுவதெல்லாம் அந்த நகலில்தான்.

சத்தம் நிற்காவிட்டால், தூசியில்லாத அறை வைத்து டிஸ்கைத் திறந்து மீட்பவர்களிடம்தான் போக வேண்டும். அந்த வேலையை நான் செய்வதில்லை. செலவு ஆயிரங்களில் ஆகும், சில சமயம் புதிய கணினியின் விலையைத் தாண்டும். எந்த டிசைன்களை வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறீர்கள் என்று முதலில் ஒரு கணக்கு எடுங்கள். போன தீபாவளிக்கு முன் இதே நிலையில் வந்த ஒரு பட்டறைக்காரருக்குப் பாதிக்கு மேல் பழைய செய்திகளிலேயே கிடைத்துவிட்டது. மிச்சத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்தார்.